மேசையில் விற்ற கேசட்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் கறுப்பின மக்கள் சர்ச்சில் பாடும் காஸ்பெல் என்ற கிறிஸ்தவ இசை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுப் பழைய தரவரிசைப் பட்டியல்களைத் தேட ஆரம்பித்தேன். பில்போர்ட் என்ற அமெரிக்க இசைப் பத்திரிகை 1973-ல்தான் காஸ்பெல் ஆல்பங்களுக்குத் தனிப் பட்டியல் தொடங்கியிருக்கிறது. அதற்கு முன் இந்த இசைக்குப் பெரிய வரவேற்பு இல்லை என்றுதானே அர்த்தம்? முதலிடம் பிடித்த ஆல்பங்களை மட்டும் கேட்டால் போதும் என்று நினைக்கிறேன். எந்த வருடத்திலிருந்து தொடங்கலாம்? காஸ்பெலையும் 'கிறிஸ்டியன்' இசையையும் ஏன் தனித்தனிப் பட்டியலாகப் போடுகிறார்கள்?

கோவையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

இந்த இசையை நீங்களாகத் தேடிப் போனதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? போன வாரம் அலமாரியை ஒழித்தபோது ஒரு பழைய கேசட் கிடைத்தது. அன்றிலிருந்து அதே நினைவாக இருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

கடைசிக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில்: நிறம். 1980-ல் பில்போர்ட் 'இன்ஸ்பிரேஷனல்' என்று இன்னொரு பட்டியல் போட்டது. வெள்ளையர் பாடியது பெரும்பாலும் அங்கே போனது, கறுப்பர் பாடியது காஸ்பெல் பட்டியலிலேயே நின்றது. அது பெரிய கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ஆனால் 'பட்டியல் இல்லை, அதனால் வரவேற்பு இல்லை' என்று எப்படி எழுத மனம் வந்தது? யார் எண்ணினார்கள், எங்கே நின்று எண்ணினார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா? 1930-ல் சிகாகோவில் பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த கறுப்பின மக்களின் மாநாடு கூடியது. காஸ்பெல் பாட்டுகள் எழுதிய தாமஸ் டார்சியின் ஒரு பாட்டை அங்கே பாட, அச்சடித்த பாட்டுத்தாள் 4000 பிரதி விற்றது. காஸ்பெல் அப்படித்தான் ஊர் ஊராகப் போனது, தாளாக, சபையிலிருந்து சபைக்கு. அதை எந்தப் பத்திரிகை எண்ணியது?

பில்போர்ட் கறுப்பின மக்களின் இசைக்கென்று முதல் பட்டியல் போட்டது 1942-ல். நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் சில கடைகளில் விசாரித்து எழுதியது அது. 1945-ல் கணக்கு ஜூக்பாக்ஸுக்கு மாறியது. காசு போட்டால் பாடும் பெட்டி, அதில் எந்த இசைத்தட்டு அதிகம் சுற்றியது என்று பார்த்தார்கள். அந்த ஆண்டு சிஸ்டர் ரொசெட்டா தார்ப் கையில் கிடாரோடு பாடிய ஒரு காஸ்பெல் பாட்டு அந்தப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை வந்தது. சரி, ஜூக்பாக்ஸ் எங்கே இருந்தது? பெரும்பாலும் மதுக்கடையிலும் நடன விடுதியிலும். ஞாயிற்றுக்கிழமை கண்ணீரோடு பாடிய அம்மாக்கள் அங்கே போய்க் காசு போடுவார்களா? அவர்களில் ஒருவரைக்கூட எண்ணாமலே அந்தப் பாட்டு இரண்டாம் இடத்துக்கு வந்திருக்கிறது என்றால், எண்ணாமல் விட்டது எவ்வளவு இருக்கும்!

1998-ல் பத்து மாதம் சிகாகோவில் வேலை பார்த்தேன். அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கையில் ஓய்வு பெறும் வயதில் ஒரு கறுப்பினப் பெண்மணி. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அறையில் தனியாகக் கிடக்கிறேன் என்று தெரிந்ததும், தெற்குப் பகுதியில் இருந்த தன் சர்ச்சுக்கு அழைத்துப் போனார். ஆராதனை முடிந்து கீழ்த்தளத்தில் சாப்பாடு. படிக்கட்டு ஓரமாக ஒரு மடக்கு மேசை. அந்தச் சபையின் பாடகர் குழு அங்கேயே பதிவு செய்த கேசட்டுகளை அடுக்கியிருந்தார்கள். ஒன்று ஐந்து டாலர், காசு போட ஒரு பிஸ்கட் டப்பா. அவர் மூன்று வாங்கினார். தனக்கு ஒன்று, மிசிசிப்பியில் இருந்த தங்கைக்கு ஒன்று, எனக்கு ஒன்று. "இது கடையில் கிடைக்குமா?" என்று கேட்டேன். "கடை எதற்கு? கேட்கிறவர்கள் எல்லோரும் இங்கேதானே இருக்கிறார்கள்" என்றார்.

அதற்குள் பட்டியல் கணினிக்கு வந்துவிட்டது. கடையில் பட்டைக்குறியை (பார்கோடு) வருடினால்தான் கணக்கு. பிஸ்கட் டப்பாவில் பட்டைக்குறி கிடையாது, தம்பி. அந்த நகரத்தில் அப்படி எத்தனை மேசை இருந்திருக்கும்! அந்தக் கேசட்டில் தனியாகப் பாடும் ஒரு பெண் குரல் இருக்கிறது. அவர் பெயர் அட்டையில்கூட இல்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகக் கேட்கிறேன், இன்னும் தொண்டை அடைக்கிறது.

எட்வின் ஹாக்கின்ஸ் என்பவரின் காஸ்பெல் குழுவையும் பாருங்கள். 1968-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு சர்ச்சுக்குள் பதிவு செய்து, இளைஞர் குழுவின் பயணச் செலவுக்காகச் சுமார் 500 தட்டு மட்டும் போட்டார்கள், கையால் விற்க. அதில் ஒரு பாட்டை வானொலிக்காரர்கள் எடுத்துப் போட, மறு வருடம் அது எல்லா இசைக்கும் பொதுவான பட்டியலிலேயே நான்காம் இடத்துக்கு ஏறியது. வானொலிக்காரர் கையில் அது சிக்காமல் போயிருந்தால், அப்படி ஒரு பாட்டே இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பீர்கள்.

முதலிடங்களை மட்டும் கேட்பேன் என்ற பிடிவாதத்தை விடுங்கள். எந்த வருடத்திலிருந்து என்று கேட்டீர்கள் அல்லவா? 1963-லிருந்து. அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள பர்மிங்ஹாமில் ஒரு கறுப்பின சர்ச்சில் வெடிகுண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றார்கள். நான்கு நாள் கழித்து, நியூவார்க் நகரில் ஒரு சர்ச்சில் காஸ்பெல் பாடகர் ஜேம்ஸ் கிளீவ்லேண்ட், ஏஞ்சலிக் கொயர் என்ற பாடகர் குழுவோடு ஓர் ஆல்பம் பதிவு செய்தார். அதன் தலைப்புப் பாட்டு, கடலில் புயல் அடிக்கும்போது சீடர்கள் ஏசுவை எழுப்பும் பாட்டு. இரவில், விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். உங்கள் பட்டியல் பிறக்க அப்போது இன்னும் பத்து வருடம் இருந்தது.

அன்புடன்