ஐ7 ஸ்டிக்கரும் 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும்: கேமிங் கம்ப்யூட்டர் கேள்வி-பதில்

பரீட்சை முடிந்து லீவு விட்டால் போதும், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பாதி "கம்மி விலையில் ஒரு கேமிங் பிசி" என்றுதான் தொடங்கும். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, நீளமானவற்றைச் சுருக்கி இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பொருள்களின் விலையை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். 2025 கடைசியில் ரேம் விலை ஏற ஆரம்பித்ததிலிருந்து இந்த வாரம் சொன்ன விலை அடுத்த வாரம் இருப்பதில்லை.

அண்ணா, மானிட்டர், கீபோர்டு எல்லாம் வீட்டில் இருக்கிறது. சிபியு மட்டும் 40,000 ரூபாய்க்குள் வேண்டும். வேலரன்ட், ஜிடிஏ 5 ஓடினால் போதும். ரைசன் வாங்கவா, இன்டெல் வாங்கவா? (கல்லூரி மாணவர், பாலக்கோடு)

ரைசனா இன்டெலா என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் தம்பி. இந்தப் பணத்துக்குள் கிராஃபிக்ஸ் கார்டு அடங்குமா என்பதுதான் முதல் கேள்வி. இப்போதைய ரேம் விலையில் புதுக் கார்டையும் சேர்த்து வாங்கப் பார்த்தால் ஏதாவது ஒன்றில் கை வைத்தே ஆக வேண்டும். எல்லாரும் கை வைப்பது எஸ்எம்பிஎஸ்ஸில், அதாவது உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டியில். அது வேண்டாம். இரண்டு தவணையாக வாங்குங்கள்.

முதல் தவணையில் ரைசன் 5 5600ஜி. 6 கோர், 12 த்ரெட், உள்ளேயே வேகா கிராஃபிக்ஸ். கூட ஒரு ஏ520 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு, 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, நல்ல கம்பெனியின் 550 வாட் எஸ்எம்பிஎஸ். வேலரன்ட் இதிலேயே 1080பி-யில், செட்டிங்ஸைக் குறைத்து வைத்தால் 100 பிரேமைத் தாண்டும். ஜிடிஏ 5 நார்மல் செட்டிங்ஸில் நன்றாகவே விளையாட வரும். அப்புறம் கையில் பணம் சேர்ந்ததும் கார்டு மட்டும் வாங்கிச் சொருகினால் போதும், வேறு எதையும் மாற்ற வேண்டியதில்லை.

அந்தக் கார்டை வாங்கும் நாளில் ஒன்றை மறந்துவிடாதீர்கள். கார்டும் ப்ராசஸரும் பேசிக்கொள்ளும் பாதைக்குப் பெயர் பிசிஐஇ, 5600ஜி-யில் அது 3.0 வரைதான் உண்டு. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி விலை குறைவு என்று கடையில் காட்டுவார்கள். அந்தக் கார்டு இந்தப் பாதையின் 4 லேனில் (தடத்தில்) மட்டுமே பேசும், மெமரியும் 4 ஜிபிதான். பிசிஐஇ 4.0 இருக்கும் போர்டில் எப்படியோ சமாளித்துவிடும். 3.0-வில் போட்டால், மெமரி நிரம்பிய நிமிடத்திலிருந்து படம் விட்டு விட்டு வரும். 8 லேனும் 8 ஜிபியும் உள்ள ஆர்எக்ஸ் 6600 வரைக்கும் பொறுத்திருங்கள்.

ஒருவேளை வீட்டில் மனசு வைத்து பட்ஜெட்டை ஏற்றிவிட்டால், கார்டையும் இப்போதே வாங்கிக்கொண்டு 'ஜி' இல்லாத 5600 அல்லது இன்டெல் ஐ5-12400எஃப் எடுங்கள். ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு மெமரியான எல்3 கேஷ் 5600-ல் 32 எம்பி, 5600ஜி-யில் அதில் பாதி. தனிக் கார்டு போட்டு ஆடும்போது அந்த வித்தியாசம் தெரியும். இன்டெலில் 'எஃப்' என்று முடிந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. கார்டு அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று எஃப் ப்ராசஸரை வாங்கி, டிஸ்ப்ளே வரவில்லை என்று முழு சிபியுவையும் பைக்கில் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. எதுவும் கெட்டுப்போயிருக்காது, படம் காட்ட உள்ளே ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஆன்லைன் விளம்பரத்தில் 'கோர் ஐ7, 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராஃபிக்ஸ், ஆர்ஜிபி கேபினட்' என்று 18,000 ரூபாய்க்குப் போட்டிருக்கிறார்கள். இவ்வளவு குறைவாகக் கிடைக்குமா? (ஜவுளிக்கடை ஊழியர், பர்கூர்)

கிடைக்கும். விளம்பரத்தில் பொய் இல்லை, சொல்லாமல் விட்டதுதான் நிறைய. கிருஷ்ணகிரி மண்டியில் 'மாம்பழம் கிலோ இவ்வளவு' என்று மட்டும் சொன்னால் வாங்கிவிடுவோமா? செந்தூராவா, பெங்களூராவா என்று கேட்போம் இல்லையா? ஐ7-ம் அப்படித்தான். எந்தத் தலைமுறை என்று கேளுங்கள். பெரும்பாலும் ஐ7-2600 அல்லது ஐ7-3770 என்று பதில் வரும். முன்னது 2011, பின்னது 2012. ஐ7-3770-ல் 4 கோர், 8 த்ரெட். 2022-ல் வந்த ஐ3-12100-லும் அதே 4 கோர், 8 த்ரெட். ஆனால் ஒரு கோரின் வேகத்தில் ஐ3 அதைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல். ஸ்டிக்கரில் இருக்கும் 3-க்கும் 7-க்கும் வயது தெரியாது.

வேகத்தைக்கூட விட்டுவிடலாம், மற்ற தொல்லைகள் பெரிது. ஏவிஎக்ஸ்2 என்ற வசதி இன்டெலில் நான்காம் தலைமுறையில்தான் வந்தது. அது இல்லாவிட்டால் திறக்கவே திறக்காத புது கேம்கள் இருக்கின்றன. விண்டோஸ் 11-க்கு முறைப்படி இன்டெல் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ எப்படியாவது ஏற்றித் தருகிறேன் என்பார்கள். ஏற்றிய பிறகு வேலரன்ட் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும், அங்கே நின்றுவிடும்.

'4 ஜிபி கிராஃபிக்ஸ்' என்பது அநேகமாக ஜிடி 730-ஆக இருக்கும். மெமரி எவ்வளவு என்பது வேறு, கார்டு எவ்வளவு வேகம் என்பது வேறு. ஜிடி 730 எக்செல் ஷீட்டுக்கும் யூடியூப்புக்கும் சரி.

அதே பணத்துக்கு நான் சொல்வது, கம்பெனிகள் கழித்துவிட்ட டெல், எச்பி ஆபீஸ் கம்ப்யூட்டர். ஐ5-8500 உள்ளதாகப் பாருங்கள், 2018-ல் வந்தது, 6 கோர், விண்டோஸ் 11 தாராளமாக ஏறும். பார்க்கச் சாதாரணக் கறுப்புப் பெட்டி, லைட் எரியாது. இதன் எஸ்எம்பிஎஸ் அந்தக் கம்பெனிக்கே உரியது, நம் கடை எஸ்எம்பிஎஸ் நேராகப் பொருந்தாது. அதனால் பின்னால் தனி பவர் ஒயர் கேட்காத கார்டுதான் போட முடியும். ஜிடிஎக்ஸ் 1650-ல் அப்படிப்பட்ட மாடல்கள் உண்டு. ஆர்டிஎக்ஸ் 3050-ன் 6 ஜிபி மாடலும் 70 வாட்டில் ஓடிவிடும். பெட்டி ஒல்லியாக இருந்தால் உயரம் குறைந்த லோ புரொஃபைல் கார்டாக வேண்டும். அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேபினட்டோடு 450 வாட் எஸ்எம்பிஎஸ் இலவசம் என்கிறார்கள். தனியாக ஏன் வாங்க வேண்டும்? எங்கள் ஊரில் கரண்ட் வேறு அடிக்கடி போகும். (பென்னாகரம்)

அந்த எஸ்எம்பிஎஸ்ஸைக் கையில் எடுத்து, பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். பெரிய எழுத்தில் 450 வாட் என்றிருக்கும். கீழே ஒரு கட்டத்தில் +3.3, +5, +12 என்று பிரித்து ஆம்பியர் போட்டிருப்பார்கள். ப்ராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது 12 வோல்ட்டை மட்டும். அதில் 16 ஆம்பியர் என்றிருந்தால் 12-ஐ 16-ஆல் பெருக்குங்கள், 192 வாட். உங்களுக்கு நிஜமாகக் கிடைப்பது அதுதான். ஐ5-12400எஃப் முழு வேகத்தில் 117 வாட் வரை இழுக்கும். ஆர்எக்ஸ் 6600-க்கு 132. இரண்டும் சேர்ந்து 249. கேம் லோடாகி ஐந்து நிமிடத்தில் சிஸ்டம் அணைந்தால் வைரஸ் என்று நினைத்து விண்டோஸை மறுபடி ஏற்றுவார்கள். லேபிளில் கணக்கு போட்டிருந்தால் அந்த வேலை மிச்சம்.

இலவச எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கான 8 பின் ஒயரும் பெரும்பாலும் இருக்காது. பழைய ஹார்ட் டிஸ்க் ஒயரிலிருந்து ஒரு கன்வெர்ட்டர் மாட்டித் தருவார்கள். அந்தப் பிளாஸ்டிக் மஞ்சளித்து, பின் ஒட்டிக்கொண்டு உருகியதை நான் வெட்டி எடுத்திருக்கிறேன். கரண்டை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் முத்திரை உள்ள 550 வாட், லேபிளில் 12 வோல்ட்டுக்கு 40 ஆம்பியருக்கு மேல், குறைந்தது மூன்று வருஷ வாரண்டி. இதில் பேரம் பேசாதீர்கள்.

கரண்ட் விஷயம். ஆபீஸ்களில் வைக்கும் 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட் வரைதான் தாங்கும். கேம் ஓடும்போது கரண்ட் போனால் சேவ் செய்து அணைக்க நேரம் கிடைக்கும், தொடர்ந்து ஆட முடியாது. வீட்டு இன்வெர்ட்டரில் போட்டிருந்தால் அதன் பின்னால் 'யுபிஎஸ்' என்றொரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். அதை மாற்றினால் பேட்டரிக்குத் தாவும் நேரம் குறையும், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகாது. ஆனால் அந்த நிலையில் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலே பேட்டரிக்குப் போய்விடும். சாயங்காலம் லோ வோல்டேஜ் வரும் ஊர் என்றால் பேட்டரி சீக்கிரம் தீரும் என்பதையும் தெரிந்துகொண்டு போடுங்கள்.

கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது. போர்டு போய்விட்டதா? (காவேரிப்பட்டணம்)

போர்டு நன்றாகத்தான் இருக்கும், எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை வடிகட்டும் கெபாசிட்டர்களின் ஒரு முனை கேபினட் உடம்போடு சேர்ந்திருக்கும். எர்த் இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குப் போகும். இல்லாவிட்டால் கேபினட் உடம்பிலேயே கிட்டத்தட்ட 115 வோல்ட் நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு போகிறது. டெஸ்டர் வைத்தால் எரியும். முதலில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பாருங்கள், மூன்று ஓட்டை இருந்தும் உள்ளே இரண்டு ஒயர் மட்டும் வருகிறதா என்று. அது சரியாக இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியைச் சோதியுங்கள். நம் பக்கம் பாறை நிலம், கோடையில் குழி காய்ந்து வேலை செய்யாது. குழியில் தண்ணீர் ஊற்றிய அன்று ஷாக் நின்றால் காரணம் தெரிந்துவிட்டது. அதுவரை ஹெச்டிஎம்ஐ ஒயரை சிஸ்டம் ஓடும்போது பிடுங்கிச் சொருக வேண்டாம், போர்ட் போய்விடும்.

16 ஜிபி ஒரே ரேமாக வாங்கட்டுமா, 8 + 8 வாங்கட்டுமா? (அரூர்)

8 + 8. முக்கியமாக 5600ஜி மாதிரி உள் கிராஃபிக்ஸை நம்பியிருந்தால். அதற்குத் தனி மெமரி கிடையாது, உங்கள் ரேமைத்தான் எடுத்துக்கொள்ளும், இரண்டு ரேம் என்றால் வழி இரட்டிப்பாகும். 3600 என்று அச்சிட்ட ரேம் வாங்கினால் பயாஸில் (மதர்போர்டின் செட்டிங்ஸ் திரையில்) ரேமை அந்த வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி-யை ஆன் செய்யுங்கள். செய்யாவிட்டால் குறைந்த வேகத்திலேயே வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும், யாரும் சொல்ல மாட்டார்கள்.

பழைய கிராஃபிக்ஸ் கார்டு வாங்க பெங்களூர் எஸ்பி ரோடு கம்ப்யூட்டர் கடைகளுக்குப் போகலாம் என்றிருக்கிறேன். என்ன பார்த்து வாங்குவது? (சிப்காட் ஊழியர், ஓசூர்)

உங்களுக்கு அது 40 கிலோமீட்டர்தான், போய்வரலாம். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1060 என்று தேடிப் போகாதீர்கள். அந்த 10 வரிசைக்குப் புது கேம்களுக்கான டிரைவரை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது, பாதுகாப்பு அப்டேட் மட்டும் இன்னும் சில வருஷம் வரும். 1650 அடுத்த தலைமுறை, அதற்கு இந்தப் பிரச்சினை இல்லை. 1050 டிஐ என்று தருவதில் நீல விஜிஏ போர்ட் இருந்தால் அப்படியே கீழே வைத்துவிடுங்கள். பழைய கார்டில் பெயரை மட்டும் மாற்றி எழுதியதாக இருக்கும். ஆர்எக்ஸ் 580-லும் 2048 எஸ்பி என்று ஒரு வகை உண்டு. அசலில் 2304 ஷேடர் (படத்தைக் கணக்கிடும் சிறு கோர்கள்) இருக்க வேண்டும், இதில் பெயரிலேயே குறைத்துச் சொல்லியிருக்கிறார்கள், யாரும் கவனிப்பதில்லை.

ஒரு பென்டிரைவில் ஜிபியு-இசட், ஃபர்மார்க் என்ற இரண்டு சாஃப்ட்வேரையும் போட்டு எடுத்துப் போங்கள். முதலாவது கார்டு உண்மையில் எது என்று சொல்லும், போலியை அதுவே அடையாளம் காட்டும். இரண்டாவது கார்டை முழு வேகத்தில் ஓடவைக்கும், அதைக் கால் மணி நேரம் ஓடவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள். திரையில் புள்ளியோ கோடோ வந்தால், ஃபேன் கரகரத்தால் வேண்டாம். சோதிக்க விடமாட்டேன் என்கிற கடையில் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். வாரண்டி மீதமிருக்கிறது என்றால் சீரியல் நம்பரோடு ஜிஎஸ்டி பில்லைக் கேட்டு வாங்குங்கள். துண்டுச் சீட்டில் எழுதித் தருவதை சர்வீஸ் சென்டரில் மதிக்க மாட்டார்கள்.

வீட்டுக்குப் பக்கத்திலேயே கிரானைட் பாலிஷ் பட்டறை. சிஸ்டம் சீக்கிரம் சூடாகிறது. (கிருஷ்ணகிரி)

கேபினட்டைத் தரையிலிருந்து மேலே தூக்கி வையுங்கள், பாதித் தூசி குறையும். வாங்கும்போதே முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலை வைத்ததாகப் பாருங்கள். முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்கட்டும், பின்னால் ஒன்று வெளியே தள்ளட்டும். உள்ளே வரும் காற்று அதிகமாக இருந்தால் இடுக்குகள் வழியாகத் தூசி புகாது. வலையை மாதம் ஒருமுறை கழற்றித் தட்டுங்கள். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், அதைச் சுழலவிட்டால் பேரிங் போகும். வாசலில் வைத்து அடியுங்கள், கல் தூசி நுரையீரலுக்கு நல்லதல்ல.

பையன் படிப்புக்குத்தான் கேமிங் பிசி கேட்கிறான் என்கிறான். நம்பலாமா சார்? (ஒரு தகப்பனார், ஊத்தங்கரை)

பாதி நம்பலாம். மெக்கானிக்கல், சிவில், அனிமேஷன் என்றால் கார்டு நிஜமாகவே வேலை செய்யும். ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான் என்றால் லேப்டாப் வாங்கிக் கொடுங்கள், வீட்டிலிருந்து போய் வருகிறான் என்றால் டெஸ்க்டாப். அதே பணத்துக்கு வேகம் கூட, ஏதாவது போனாலும் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றலாம்.

144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினேன், பழைய மானிட்டருக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. (காரிமங்கலம்)

ஒயரைப் பாருங்கள். மதர்போர்டில் சொருகியிருந்தால் கழற்றி கிராஃபிக்ஸ் கார்டில் சொருகுங்கள். பெட்டியோடு வந்த டிஸ்ப்ளே போர்ட் ஒயர் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். அப்புறம் விண்டோஸில் டிஸ்ப்ளே செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போனால் 60 என்று இருக்கும். விண்டோஸ் தானாக மாற்றாது, நீங்கள்தான் 144 என்று தேர்ந்தெடுக்க வேண்டும். மாற்றிவிட்டு மவுஸை வேகமாக ஆட்டிப் பாருங்கள், அதிலேயே தெரியும்.