"அவன்தான் முறைச்சான்!"

"என் மகனுக்கு எட்டு வயது. ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, அதீதத் துறுதுறுப்பு) என்று போன வருடம் டாக்டர் சொன்னார். படிப்புகூடப் பரவாயில்லை, வாரத்துக்கு ஒரு தடவையாவது யாரையாவது அடித்துவிட்டு வருகிறான். கேட்டால் 'அவன்தான் முறைச்சான்' என்கிறான். அந்தப் பையன் சும்மாதான் நின்றான் என்கிறார் மிஸ். என் பிள்ளை பொய் சொல்கிறானா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு தாய்.

பெரும்பாலும் பொய்யாக இருக்காது, அம்மா. அவன் கண்ணுக்கு அது முறைப்பாகவே தெரிந்திருக்கும்.

எதிரே நிற்பவன் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குகிறானா, கோபத்திலா என்று தெரிய முகம் முழுவதையும் ஒரு கணம் பார்க்க வேண்டும். உங்கள் மகன் நெரிந்த புருவத்தை மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வந்துவிடுகிறான். ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளில் பலர் கோபம், பயம் போன்ற முகங்களை அடையாளம் காணத் தடுமாறுவதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

தப்பாகப் புரிந்துகொள்வது நமக்கும் நடப்பதுதான். ஆனால் நாம் கை ஓங்குவதற்குள் 'இரு, பார்ப்போம்' என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். அவனுக்கு அந்தக் குரல் வருவதற்குள் அடி விழுந்துவிடுகிறது. 2007-இல் வெளியான ஒரு ஸ்கேன் ஆய்வில், இவர்களுடைய மூளைப் புறணி (மூளையின் வெளி அடுக்கு) முதிர்வதே ஏறக்குறைய மூன்று வருடம் பிந்துவதாகத் தெரிந்தது. எட்டு வயதுப் பையனிடம் ஐந்து வயதுப் பிள்ளையின் பொறுமையை எதிர்பார்த்தால் ஏமாற்றம் குறையும்.

சரி, என்ன செய்யலாம்? சாயங்காலம் டிவி சீரியலை மியூட்டில் போட்டு, "இந்த அத்தை கோபமா இருக்காங்களா, பயந்துட்டாங்களா? எதை வச்சுச் சொல்ற?" என்று கேளுங்கள். சீரியல் முகங்களில் எல்லாமே ஒரு படி தூக்கலாக இருக்கும். பழகுவதற்கு அதுவே வசதி! அப்புறம் கல்யாண ஆல்பத்துக்குப் போகலாம். அங்கே ஒரே முகத்துக்கு இரண்டு காரணம் சொல்லச் சொல்லுங்கள்: "மாமா முறைக்கிறாரா, இல்ல ஃபிளாஷ்ல கண் கூசுதா?" 'வேற காரணமும் இருக்கலாம்' என்ற நினைப்பு பழக்கமாக வேண்டும் என்பதே நோக்கம்.

கோபம் வரும்போது கைக்கு ஒரு வேலை கொடுங்கள். இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டு ஓரடி பின்னால் போவது போதும். சண்டை நடந்த சூட்டில் புத்தி சொல்லாதீர்கள். அப்போது காதில் ஏறாது. அடிக்காமல் வந்த நாளில் அன்றைக்கே பாராட்டுங்கள். 'ஞாயிற்றுக்கிழமை சைக்கிள்' என்ற வாக்கு அவனுக்கு அடுத்த யுகம். நீங்கள் அவனை அடிப்பதும் வேண்டாம்.

மிஸ்ஸிடம் ஒரு விஷயம் விசாரியுங்கள். மற்ற பிள்ளைகள் நிஜமாகவே அவனைச் சீண்டுகிறார்களா? 'தொட்டா எகிறுவான்' என்று தெரிந்துகொண்டு விளையாடும் வாண்டுகள் எல்லா வகுப்பிலும் உண்டு.

நாள் கழித்துத் திட்டம் போட்டு அடிக்கிறான், அடுத்தவர் அழுவதை ரசிக்கிறான் என்றால் கதை வேறு. அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் (DEIC) இப்படிப்பட்ட பிள்ளைகளை 18 வயது வரை இலவசமாகப் பார்க்கிறார்கள். ஏ.டி.எச்.டி.க்குத் தரும் மீத்தைல்ஃபெனிடேட் போன்ற மருந்து, யோசிப்பதற்குள் கை ஓங்கும் அவசரத்தைப் பலருக்குக் குறைக்கிறது. வேண்டுமா என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். போகும்போது எந்தப் பீரியடில், யாரிடம், என்ன நடந்தது என்று இரண்டு வாரக் குறிப்பைக் கையோடு கொண்டுபோங்கள்.