மூக்கு லாரிக் கதவு இறங்கினால் கடப்பாரையைத் தூர வையுங்கள்

திருத்துறைப்பூண்டி பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “1966 மாடல் டாடா பென்ஸ் மூக்கு லாரி. அப்பா நெல் லோடு அடித்த வண்டி. 20 வருடமாகக் களத்துக் கொட்டகையில் நிற்கிறது. சரிசெய்து வைத்துக்கொள்ள ஆசை. டிரைவர் பக்கக் கதவைச் சாத்தினால் பூட்டுப் பக்கக் கீழ்மூலை அடித்தகட்டில் இடிக்கிறது, மேலே விரல் நுழையும் அளவுக்குச் சந்து விழுகிறது. கதவைக் கீழே வெட்டி, மேலே பட்டி வைத்து நிரப்பிவிடலாம் என்கிறார் டிங்கர். ஒரிஜினல் பென்ஸ் கதவு ஒரு ஜோடி இருக்கிறது, 40,000 கொடுங்கள் என்கிறார் ஒரு தரகர். எதைச் செய்வது?”

இரண்டையும் செய்யாதீர்கள் தம்பி. உங்கள் கதவில் அநேகமாக ஒரு கோளாறும் இல்லை. கதவு தொங்குகிற இடத்தில்தான் கோளாறு. கதவை வெட்டிவிட்டால் நாளைக்கு அந்த இடத்தைச் சரிசெய்யும்போது வெட்டிய கதவு எதற்கும் பொருந்தாது.

முதலில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். டயர்களில் காற்று சரியாக இருக்கட்டும். பூட்டு வந்து மாட்டும் கொண்டியைத் தூணிலிருந்து கழற்றிவிடுங்கள், ரப்பர் பீடிங்கையும் உரித்துவிடுங்கள். இந்த இரண்டும் இருக்கிறவரை கதவு எப்படித் தொங்குகிறது என்பது தெரியவே தெரியாது. கொண்டி கதவைத் தூக்கிப் பிடிக்கும், பீடிங் வெளியே தள்ளும். கடையில் இப்போது கிடைக்கிற பீடிங் பழையதைவிடத் தடிமன். அதைப் போட்டுவிட்டு ‘கதவு அமுங்க மாட்டேன் என்கிறது’ என்று வருகிறவர்களே பாதிப் பேர்.

இப்போது கதவைப் பாதி திறந்து, பூட்டுப் பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்குங்கள். இன்னொருவர் மேல் கீலில் விரலை வைத்துக்கொள்ளட்டும். விரலுக்கு ‘டக்’ என்று ஆட்டம் தெரிந்தால் கீல் பின் தேய்ந்திருக்கிறது. டிரைவர் கதவு என்றால் பெரும்பாலும் மேல் கீல்தான். ஏறும்போதெல்லாம் கதவைப் பிடித்துத் தொங்கித்தானே ஏறினார் உங்கள் அப்பா? பின்னைத் தட்டி எடுத்து லேத்துக்குக் கொண்டுபோங்கள். ஓட்டையைச் சீராக்கி, கன்மெட்டல் புஷ் (வெண்கலக் குழல்) போட்டு, அதற்கேற்ற புதுப் பின் கடைந்து தருவார்கள். ஒரு நாள் வேலை.

ஆட்டமே இல்லையா? அப்படியென்றால் கேபினின் முன்பக்கம் இறங்கியிருக்கிறது, கீல் தூணும் அதோடு சேர்ந்து இறங்கியிருக்கிறது. கேபின் சேசிஸ் மேல் உட்காரும் இடத்தில் ரப்பர் மெத்தை இருக்கும். இத்தனை வருடத்தில் அது நசுங்கி அப்பளமாகியிருக்கும். அங்கிருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, கேபினுக்குக் கீழே பலகை கொடுத்து, ஜாக்கியால் மெல்ல மெல்லத் தூக்குங்கள். ஒருவர் கதவுச் சந்தையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். கால் அங்குலம் ஏறுவதற்குள் மேல் சந்து சுருங்கிக் கீழ்மூலை விடுபடுவது கண்ணுக்குத் தெரியும். பட்டறைக்கு வருகிறவர்களிடம் இதைச் செய்து காட்டினால் வாயடைத்துப் போவார்கள். 40,000 ரூபாய்க் கதவின் வேலையை ஒரு ஜாக்கி செய்துவிடுகிறது! ஏறிய உயரத்துக்குப் பேக்கிங் வையுங்கள். பழைய டயர்த் துண்டு வேண்டாம், மறுபடி நசுங்கும். ரைஸ் மில்லில் கழித்துப் போட்ட கான்வாஸ் பெல்ட்டை வெட்டி அடுக்குங்கள்.

கேபினின் பின்பக்கம் இறங்கினால் நேர்மாறாக இருக்கும். பூட்டுப் பக்கம் மேல்சந்து மூடிக்கொள்ளும், கீழே திறந்துகொள்ளும். உங்களுடையது அதுவல்ல.

கேபின் முறுக்கியிருக்கிறதா என்று பார்க்க டேப் போதும். கதவு வாசலில் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவு எடுங்கள். கிளீனர் பக்க வாசலிலும் அதே இரண்டு அளவு. இரண்டு பக்கமும் ஒத்துப்போனால் நிம்மதி. ஒத்துப்போகவில்லை என்றால் அடித்தகடு துருவால் இளகியிருக்கும், அதை மாற்றியாக வேண்டும். மாற்றும்போது, வெட்டுவதற்கு முன்னால் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்பு ஆங்கிளை வெல்டு வைத்து முட்டுக் கொடுங்கள். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். வேலை பழகிய காலத்தில் முட்டில்லாமல் ஒரு வண்டியின் அடித்தகட்டை வெட்டினேன். தூண் உள்ளே சாய்ந்தது தெரியாமல் புதுத் தகடு வைத்து வெல்டு அடித்துவிட்டேன். அந்தக் கதவு சாத்தவே இல்லை. திரும்ப வெட்டி எடுக்க மூன்று நாள், கூலியும் கிடையாது.

துரு என்றதும் சொல்ல வேண்டியது: கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கும். நம் பக்கத்து லாரிகளில் அவை திறந்திருந்து நான் பார்த்ததில்லை. பதர், வைக்கோல் துணுக்கு, மண் எல்லாம் கண்ணாடிச் சந்து வழியே இறங்கி உள்ளே அடைந்து, மழைத்தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஒரு கதவின் உள்தகட்டைக் கழற்றியபோது அடியில் நெல் முளைத்து வெளுப்பாக நின்றது. ‘நாற்றங்காலே விட்டிருக்கிறீர்களே’ என்றேன் உரிமையாளரிடம். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வேதாரண்யம் பக்கம் உப்பு ஏற்றிய வண்டியென்றால் இன்னும் மோசம். கம்பியால் குத்தி அந்த ஓட்டைகளைத் திறந்துவிடுங்கள்.

நான் சொன்னதெல்லாம் முழு இரும்புக் கேபினுக்கு. மரச்சட்டக் கேபின் வேறு சாதி. பழைய லேலண்ட் காமெட் மாதிரி வண்டிகளை வெறும் சேசிஸாக வாங்கி, நம்மூர் பட்டறையில் தேக்கிலோ வாகையிலோ சட்டம் கட்டித் தகடு போர்த்துவார்கள். உங்களுடையது அது இல்லைதான். ஆனால் இதைப் படித்துவிட்டு மரக்கேபின்காரர் யாராவது ஜாக்கியை எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது, பொருத்து விட்டுப்போகும். கண்டுபிடிப்பது சுலபம். கீலில் போல்ட் இல்லாமல் மர ஸ்க்ரூ இருக்கும், தூணைத் தட்டினால் சத்தம் மந்தமாக வரும். அந்தக் கதவு ஐப்பசி கார்த்திகையில் ஊதி இறுகும், சித்திரையில் சுருங்கி ஆடும். அடைமழையில் ‘இடிக்கிறது’ என்று இழைப்புளி போட்டால் கோடையில் கதவுக்கும் தூணுக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். பங்குனி வரை பொறுங்கள். ஸ்க்ரூ ஓட்டை பெருத்திருந்தால் தீக்குச்சி செருகுவது ஒரு மாதம்கூட நிற்காது. ஓட்டையைப் பெரிதாக்கி, தேக்குக் குச்சியைப் பசை தடவி அடித்து, காய்ந்தபின் புது ஸ்க்ரூ போடுங்கள். தூணே உளுத்திருந்தால் தச்சரைக் கூப்பிடுங்கள், டிங்கரை அல்ல.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். கதவு தானாகவே நேராகத் தொங்கினால், சுற்றிலும் 5, 6 மில்லிமீட்டர் சந்து சமமாக இருந்தால் போதும். அந்தத் தடிமன் பிளைவுட் துண்டு ஒன்றைச் சுற்றிலும் ஓட்டிப் பாருங்கள். இன்றைய கார் மாதிரி வேண்டுமென்று அடம்பிடிக்காதீர்கள், புதிதாக வந்த நாளிலேயே அந்த வண்டி அப்படி இருந்திருக்காது. கதவு அமைந்த பிறகு அதற்கேற்ப மட்கார்டு, அதற்கப்புறம் பானட், அங்கே சந்து சரியில்லை என்றால் போல்ட்டுக்கடியில் தகட்டு வாஷர். கொண்டியும் பீடிங்கும் கடைசி.

பட்டி விஷயம். மெல்லிய துணி சுற்றிய ஸ்பீக்கர் காந்தத்தைக் கதவில் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடமெல்லாம் பட்டி. அரை அங்குலப் பட்டி நம் ஆற்றங்கரைச் சாலையில் கதவை நான்கு முறை அறைந்து சாத்தினால் ஓடு ஓடாகப் பெயரும். உள்ளே துருவும் பெருகியிருக்கும். பட்டி வைக்கும் டிங்கரைவிட, ‘சீக்கிரம் முடியுங்கள்’ என்று அவரை விரட்டும் வண்டிக்காரர்மேல்தான் எனக்குக் கோபம்.

தரகர் சொல்லும் ‘பென்ஸ் கதவு’? ஜாம்ஷெட்பூரில் 1954இல் தொடங்கிய டாடா-பென்ஸ் கூட்டு 1969இல் முடிந்தது. அதற்கு முந்தைய வண்டியில் பென்ஸின் நட்சத்திரச் சின்னம் இருக்கும் என்பது தரகருக்கும் தெரியும். அதனால் நட்சத்திரம் ஒட்டிய கேபினிலிருந்து கழற்றியதென்று எந்தக் கதவையும் விற்பார். உண்மையாகவே அதே மாடலாக இருந்தாலும், அது இன்னொரு கேபினோடு சேர்ந்து வளைந்த கதவு. உங்கள் தூணுக்கு வந்தால் மறுபடி முதலிலிருந்துதான் வேலை. வாங்கியே ஆக வேண்டுமென்றால் பழைய கீலோடு சேர்த்து வாங்குங்கள், வண்டியில் மாட்டிப் பார்க்காமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்து இன்னொருவர் வருவார், ‘லாரிக்கு விண்டேஜ் நம்பர் வாங்கித் தருகிறேன்’ என்று. 2021இல் வந்த அந்த விதி 50 வயது தாண்டிய இருசக்கர வண்டிக்கும் காருக்கும் எழுதியது. நெல்லும் உப்பும் சுமந்த லாரிக்கு அதில் இடமில்லை. மூலையில் நிறுத்திவைத்த ஃபியட்டுக்கு மரியாதை, டெல்டாவையே தூக்கிச் சுமந்த வண்டிக்கு இல்லை! உங்கள் வண்டி ஆபீஸ் கணக்கில் சரக்கு வண்டிதான். சாலைக்கு வர எஃப்சி வேண்டும், வரி வேண்டும். ஆர்சி உயிரோடு இருக்கிறதா என்று ஆர்டிஓ அலுவலகத்தில் நீங்களே போய்க் கேளுங்கள். ஒரு ஜன்னலில் கேட்டால் அடுத்த ஜன்னலைக் காட்டுவார்கள், அங்கே கேட்டால் சாப்பாட்டு நேரம் என்பார்கள். அந்த அலுப்பில்தான் ஏஜென்ட் பிழைக்கிறார். பெயின்ட் அடிப்பதற்கு முன்னாலேயே போய்விடுங்கள். சேசிஸ் நம்பர் மேல் பெயின்ட் ஏறிவிட்டால் அதைச் சுரண்டுவதற்கும் ஒருவர் காசு கேட்பார்.

கீலைக் கழற்றும் நாளில் கதவுக்கடியில் இரண்டு நெல் சாக்கை மடித்து முட்டுக் கொடுங்கள். தனியாகச் செய்யாதீர்கள், அந்தக் கதவு நல்ல கனம்.