மதங்களும் ஐரோப்பாவின் அறிவொளிச் சிந்தனையும் ஒன்றுக்கொன்று எதிரிகளா? சமூகத்தை மாற்றியது எது?

எதையும் பகுத்தறிவால் சோதித்துப் பார்க்கச் சொன்ன பதினெட்டாம் நூற்றாண்டு இயக்கம்தான் அறிவொளிச் சிந்தனை. இந்தக் கேள்விக்கு வருகிற பதில்கள் பெரும்பாலும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகின்றன. மதம் இருட்டு, பகுத்தறிவு வெளிச்சம் என்பது ஒரு கட்சி. மதம் இல்லாவிட்டால் ஒழுக்கமே இல்லை என்பது இன்னொன்று. எனக்கு இரண்டிலும் மனம் ஒட்டுவதில்லை. அதற்குக் காரணம், பிரான்சின் தெற்கே துலூஸ் நகரத்தில் இருந்த ஒரு துணிக்கடை. அங்கே நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ழான் காலாஸ் ஒரு புராட்டஸ்டண்ட் வியாபாரி. கீழே கடை, மேலே வீடு. 1761 அக்டோபர் 13 அன்று இரவு எல்லோரும் மாடியில் சாப்பிட்டு முடித்தார்கள். விருந்தாளியை வழியனுப்ப விளக்கோடு கீழே இறங்கிய பியர், தன் மூத்த அண்ணன் மார்க்-அந்துவானைக் கடையில் பிணமாகக் கண்டான்.

மார்க்-அந்துவானுக்கு அப்போது 28 வயது. சட்டம் படித்தவன். ஆனால் வக்கீலாக முடியவில்லை, ஏனென்றால் அதற்குக் கத்தோலிக்கன் என்று ஒரு சான்றிதழ் வேண்டும். 1685-ல் பதினான்காம் லூயி மன்னர் புராட்டஸ்டண்டுகளுக்கு இருந்த உரிமைச் சாசனத்தை ரத்து செய்த பிறகு, சட்டத்தின் கண்ணில் அவர்கள் இல்லவே இல்லை. கத்தோலிக்கப் பாதிரியார் முன்னால் நடக்காத கல்யாணம் கல்யாணம் ஆகாது. அதில் பிறந்த குழந்தைக்குச் சட்டப்படி தகப்பன் கிடையாது.

வாசலில் கூட்டம் கூடிவிட்டது. கூட்டத்திலிருந்து யாரோ ஒருவர், "மகன் கத்தோலிக்கனாக மாற இருந்தான், அப்பன்தான் கொன்றுவிட்டான்" என்று குரல் கொடுத்தார். அந்த ஒரு குரல் போதுமானதாக இருந்தது. நகர அதிகாரி அன்றிரவே குடும்பத்தையும் விருந்தாளியையும் வேலைக்காரியையும் சேர்த்துக் கைது செய்தார். தற்கொலை செய்துகொண்டவரின் உடலைத் தெருவில் இழுத்துச் செல்வது அன்றைய வழக்கம். அந்த அவமானத்துக்குப் பயந்து, யாரோ கொன்றுவிட்டார்கள் என்று குடும்பம் முதலில் பொய் சொன்னது. பிறகு தூக்கில் தொங்கியதாக உண்மையைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை.

அப்புறம் நடந்ததுதான் என்னை உலுக்கியது. சாட்சி சொல்ல வரும்படி கத்தோலிக்க தேவாலயங்களில் பூசை நேரத்தில் அறிக்கை வாசித்தார்கள். கொலை நடந்தது உறுதி என்று வைத்துக்கொண்டே எழுதிய அறிக்கை அது. கண்ணால் பார்த்தவர்கள் மட்டுமல்ல, பிறர் சொல்லக் கேட்டவர்களும் வரலாம். வந்தார்கள். இன்னார் சொன்னார், அவரிடம் இன்னொருவர் சொன்னார் என்பதெல்லாம் சாட்சியமாக ஏறியது. அரைச் சாட்சியம், கால் சாட்சியம் என்று கூட்டிப் பார்க்கிற கணக்கு அன்றைய நீதிமன்றத்தில் இருந்தது. இதற்கிடையே இறந்தவனை மதத்துக்காக உயிர் கொடுத்த தியாகியாக்கி, பெரிய ஊர்வலத்தோடு அடக்கமும் செய்துவிட்டார்கள்.

1762 மார்ச் 9-ம் தேதி, எட்டுக்கு ஐந்து வாக்கில் காலாஸ் குற்றவாளி என்று தீர்ப்பானது. 63 வயது மனிதர், 28 வயது மகனைத் தூக்கிலிட்டாராம். மறுநாள் சக்கரத்தில் கட்டி எலும்புகளை நொறுக்கினார்கள். கடைசி மூச்சுவரை நான் குற்றமற்றவன் என்றே அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதில் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று பாருங்கள். வேலைக்காரி ழான் விகியேர் பக்தியான கத்தோலிக்கப் பெண். அந்த வீட்டின் இன்னொரு மகன் லூயி கத்தோலிக்கனாக மாற உதவியவளே அவள்தான். அப்படி மாறிய லூயி உயிரோடுதான் இருந்தான். அப்பா அவனுக்குச் செலவுக்குப் பணமும் கொடுத்துவந்தார். அந்த வேலைக்காரி சிறையிலும், எல்லோரும் மாடியில் ஒன்றாகத்தான் இருந்தோம் என்ற தன் சாட்சியத்தை மாற்றவில்லை. காலாஸின் மகள்களை மதம் மாற்றுவதற்காகக் கன்னியர் மடங்களில் அடைத்தார்கள். அதில் ஒருத்தியைக் கவனித்துக்கொண்ட ஆன்-ழூலி ஃபிரெஸ் என்ற கன்னியாஸ்திரியால் அவளை மாற்ற முடியவில்லை. ஆனால் அந்தப் பெண்ணை நேசித்தார், குடும்பத்துக்கு நியாயம் கேட்டுக் கடிதங்கள் எழுதினார். கத்தோலிக்க மடத்துக்குள்ளிருந்து, ஒரு புராட்டஸ்டண்ட் குடும்பத்துக்காக!

மறுபக்கம் வால்டேர், அறிவொளி இயக்கத்தின் பெரிய பெயர். இந்தச் செய்தி காதுக்கு எட்டியதும் அவர்கூட முதலில், புராட்டஸ்டண்டுகள் வெறிபிடித்தவர்கள், செய்திருப்பார்கள் என்றுதான் நினைத்தார். அவரை நான் மதிப்பது அதற்குப் பிறகு செய்ததற்காக. ஜெனீவாவில் இருந்த கடைசி மகன் தொனாவை வரவழைத்துப் பேசினார், விசாரித்தார், தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். வழக்கின் ஆவணங்களை வெளியே காட்டுங்கள் என்று ஓயாமல் கேட்டார். வக்கீல்களைப் பிடித்தார். 1763-ல் மதச் சகிப்புத்தன்மை பற்றி ஒரு நூலும் எழுதினார். அந்த நூலின் ஒரு அத்தியாயம் முழுக்கக் கடவுளிடம் செய்யும் பிரார்த்தனை. மதத்தைக் கடுமையாகச் சாடிய மனிதர் மன்றாடியது கடவுளிடம். 1765 மார்ச் 9-ம் தேதி, முதல் தீர்ப்பு வந்து சரியாக மூன்று வருடம் கழித்து, காலாஸ் குற்றமற்றவர் என்று ஒருமனதாக அறிவித்தார்கள்.

வால்டேரைப் புனிதராக்க நான் எழுதவில்லை. யூதர்களைப் பற்றி அவர் எழுதியவற்றில் வெறுப்பு நிறைய இருக்கிறது, அதற்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது.

எனக்கு இந்த வழக்கு இவ்வளவு நெருக்கமாக ஏன் தெரிகிறது என்றால், எங்கள் தெருவிலும் ஒரு சாவு நடந்தது. வேற்று மதத்துக் குடும்பம். பையனுக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. மாலைக்குள், "அவங்க ஆளுங்க அப்படித்தான், வீட்டிலேயே ஏதோ செஞ்சிருப்பாங்க" என்று பேச்சு பரவிவிட்டது. நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன், பகுத்தறிவு பற்றி நிறையப் பேசுவேன். இரண்டு நாள் நானும் அதை நம்பினேன். பிறகு பிரேதப் பரிசோதனையில் இதய நோய் என்று தெரிந்தது. எங்கள் வீட்டில், "உனக்கு எப்படித் தெரியும், நீ பார்த்தியா?" என்று முதல் நாளே கேட்டவர் என் பாட்டி. தினமும் கோயிலுக்குப் போகிறவர்.

அதனால்தான் எதிரிகளா என்ற கேள்விக்கு என்னால் ஆம் என்று சொல்ல முடியவில்லை. பாட்டியின் மனசாட்சி கோயிலில் வளர்ந்தது, அந்தக் கன்னியாஸ்திரியின் மனசாட்சி மடத்தில் வளர்ந்தது. ஆனால் மனசாட்சி உள்ள தனிமனிதர்கள் துலூஸில் இருந்தும் காலாஸ் செத்தார். அவர்கள் பேச்சு ஏறுவதற்கு நீதிமன்றத்தில் வழி இல்லை. ஆவணத்தைக் காட்டு, காரணத்தைச் சொல், வதந்தியைச் சாட்சியாக எடுக்காதே என்ற கேள்விகளைப் பொது நடைமுறையாக்கப் போராடியதுதான் அறிவொளிச் சிந்தனை செய்த பெரிய வேலை என்று நினைக்கிறேன். புதுச்சேரியை 1761-ல் ஆங்கிலேயரிடம் இழந்த பிரெஞ்சுத் தளபதி லாலியை ஐந்து வருடம் கழித்துப் பாரிசில் தலை வெட்டிக் கொன்றார்களே, அந்தத் தண்டனைக்கு எதிராகவும் வால்டேர் எழுதினார். அது ரத்தான செய்தி 1778-ல் அவர் மரணப் படுக்கையில் இருந்தபோது வந்தது.

1787-ல் பதினாறாம் லூயி மன்னர் ஒரு சட்டம் கொண்டுவந்தார். புராட்டஸ்டண்டுகள் மதம் மாறாமலே தங்கள் பிறப்பையும் கல்யாணத்தையும் சாவையும் பதிவு செய்துகொள்ளலாம். வழிபாட்டு உரிமையோ பதவியோ அதில் இல்லை, ஆனால் பிள்ளைக்குச் சட்டப்படி தகப்பன் கிடைத்தான். காலாஸின் மனைவி ஆன்-ரோஸ் அப்போது உயிரோடு இருந்தார்.