நெஞ்சு தட்டினால் காற்றுதானா? பழைய டிரெசரின் பதில்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரிகளில் 31 வருடம் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தேன். இந்த வாரம் மூச்சு, வயிறு, நெஞ்சுத் துடிப்பு பற்றி மட்டும் கேளுங்கள். டாக்டர் எழுதிய மருந்தை நிறுத்தச் சொல்லி என்னிடம் கேட்காதீர்கள்.

லிந்தாங்கிலிருந்து ஒரு தங்கை: ராத்திரி வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுத்தால் நெஞ்சு விட்டு விட்டுத் தட்டுகிறது. காற்றா ஐயா?

காற்றாகவும் இருக்கலாம்மா. இரைப்பைக்கும் இதயத்துக்கும் நடுவில் உதரவிதானம் என்ற மெல்லிய தசைதான் தடுப்பு. வயிறு உப்பினால் அது மேலே ஏறி இதயத்தை நெருக்கும். அதோடு, மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு இதயம், நுரையீரல், இரைப்பை மூன்றுக்கும் கிளை விடுகிறது. வயிற்றில் சீண்டினால் நெஞ்சில் தெரியும். ஜெர்மன் மருத்துவர் லுட்விக் ரோம்ஹெல்ட் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதை எழுதினார். இன்றும் இதற்கு அவர் பெயர்தான்.

விட்டுத் தட்டுவது எப்படி என்றால், ஒரு துடிப்பு முந்திக்கொண்டு விழும், அப்புறம் சின்ன இடைவெளி. அதற்குள் இதயத்தில் ரத்தம் கூடுதலாக நிறைவதால் அடுத்த துடிப்பு உதைக்கும். நல்ல இதயத்துக்கும் இது வரும். ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்து, படுக்க 3 மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். இடப்பக்கம் படுத்தால் தட்டுவது அதிகமாகத் தெரியும்.

ஆனால் முதலில் நாடி பாருங்கள். மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம், மூன்று விரல் வைத்து முழுதாக 1 நிமிடம் எண்ணுங்கள். கோப்பையில் ரப்பர் பால் சொட்டுகிற மாதிரி ஒரே சீராக வந்து எப்போதாவது ஒன்று தவறினால் பயமில்லை. அரசாங்கக் கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டி இசிஜி எடுக்க முடியுமா என்று கேளுங்கள். தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி ஒழுங்கே இல்லாமல் இருந்தால் அது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக, அதாவது இதயத்தின் மேலறை ஒழுங்கில்லாமல் நடுங்குவதாக, இருக்கலாம். அந்த மேலறையில் ரத்தம் தேங்கி உறையலாம். பக்கவாத ஆபத்து சுமார் 5 மடங்கு கூடும்.

சாலாக்கிலிருந்து ஒருவர்: நீல நிற ஆஸ்துமா பம்ப் அடித்ததும் கை நடுங்கி, நெஞ்சு வேகமாக அடிக்கிறது.

அதிலுள்ள சால்புட்டமால் மூச்சுக்குழாயைத் திறக்கும்போது இதயத்தையும் விரட்டும். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். பயந்து பம்பை விட்டுவிடாதீர்கள், மூச்சுத் திணறல் அதைவிட ஆபத்து. வாரத்தில் 2 முறைக்கு மேல் தேவைப்பட்டால் ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை என்று அர்த்தம்; தடுப்பு பம்ப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள்.

இன்னொரு தங்கை: வீட்டுக்காரர் குறட்டையின் நடுவில் மூச்சு நின்று திடுக்கென்று இழுக்கிறார். விடிகாலையில் படபடப்பு என்கிறார்.

இதை விட்டுவிடாதீர்கள்மா. மூச்சு நிற்கும் ஒவ்வொரு முறையும் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், மூடிய தொண்டைக்கு எதிராக நெஞ்சு இழுக்கும், இதயத்தின் மேலறைச் சுவர் விரியும். வருடக்கணக்கில் இப்படியே போனால் துடிப்பு குழம்பும். பக்கத்தில் உட்கார்ந்து போனில் 2 நிமிடம் படம் பிடித்து டாக்டரிடம் காட்டுங்கள். அவர் வாயால் சொல்வதைவிட அது பேசும்.

வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் மாத்திரையை 4 வருடமாகச் சாப்பிடுகிறேன்.

நீண்ட நாள் சாப்பிட்டால் சிலருக்கு மக்னீசியம் இறங்கி, துடிப்பு தடுமாறும். ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

வாயுவால் நெஞ்சு தட்டுமா?

முதல் பதிலைப் படியுங்கள், நாடி பாருங்கள்.

கோலகங்சார் தம்பி: அம்மாவுக்கு 68 வயது. நெஞ்சு அடைக்கிறது, ஓமத் தண்ணீர் குடித்து ஏப்பம் விட்டால் சரியாகிவிடுகிறது. அப்போ காற்றுதானே?

ஏப்பம் விட்டதும் சுகமானால் அது இதயம் இல்லை என்று ஆகாது தம்பி.

அதெப்படி ஐயா? எங்கள் பாட்டி காலத்திலிருந்து இதுதான் வைத்தியம்.

ஓமத்தை நான் குறை சொல்லவில்லை. 1987-இல் ஒருநாள் காலை, பால்வெட்டுக்காரர் ஒருவர் பெரட்டிலிருந்து (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்) நேராக வந்தார். மேல் வயிறு எரிகிறது, குமட்டுகிறது என்றார். வயிற்றெரிச்சலுக்கான வெள்ளை மிக்சர் ஊற்றிக் கொடுத்தேன். பெரிய ஏப்பம் விட்டு, "இப்ப நல்லா இருக்கு ஐயா" என்று சிரித்தார். நாடி நிமிடத்துக்கு 44. புத்தகத்தில் எழுதினேன், யோசிக்கவில்லை. சாயங்காலம் லயத்து வீட்டில் இறந்துபோனார். இதயத்தின் அடிச்சுவர் உதரவிதானத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அங்கே ரத்தக்குழாய் அடைத்தால் வயிற்றெரிச்சல், வாந்தி, வேகஸ் நரம்பால் மெதுவான நாடி என்று அசல் வயிற்று நோய் மாதிரியே வரும். 40 வயதைத் தாண்டியவர், சர்க்கரை உள்ளவர் யாராக இருந்தாலும் இசிஜி பார்த்த பிறகுதான் காற்று என்று சொல்ல வேண்டும்.

இன்னொருவர்: தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஆஸ்பத்திரி ஓடினால் தோட்டத்தில் யார் வேலை பார்ப்பது?

வேலையை நாளைக்குப் பார்க்கலாம் அண்ணே.

எனக்கும் வாயு, நெஞ்சு படபடப்பு...

மூன்றாவது முறை இதே கேள்வி. நாடி எத்தனை என்று எழுதாவிட்டால் இனி பதில் இல்லை.

கோலகங்சார் தம்பி: ஐயா, இப்போது அம்மாவின் நாடி எண்ணினேன். 130-க்கு மேல். ஒழுங்கே இல்லை. வியர்க்கிறது.

ஓமத் தண்ணீர் வேண்டாம், உட்கார வைத்து 999 அழையுங்கள். வண்டி வரும்வரை நடக்க விடாதீர்கள். அம்மா சாப்பிடும் மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போடுங்கள். எத்தனை மணிக்கு இப்படி ஆரம்பித்தது என்று கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். அவர்கள் முதலில் கேட்கப்போவது அதுதான்.