ரோமத்தை வரைந்த ஊசி

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் குறிப்பிட்டிருந்த, பதினேழாம் நூற்றாண்டு ஓவியர் வென்ஸெஸ்லாஸ் ஹோலரின் 'குளிர்காலம்' என்ற அச்சுப்படத்தைத் தேடிப் பார்த்தேன். முகமூடி போட்ட ஒரு பெண் தெருவில் நிற்கிறாள், அவ்வளவுதான். வண்ணம்கூட இல்லை. ஜவுளிக்கடை விளம்பரத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இதில் எதை ரசிப்பது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உடையைக் காட்டத்தான் அந்தப் படம் போடப்பட்டது, சரிதான். 1643-ல் லண்டன் பெண் ஒருத்தி குளிருக்கு என்னவெல்லாம் அணிந்தாள் என்பது அதில் இருக்கிறது. தலையில் முக்காடு, கருப்பு முகமூடி, தோளில் ரோமம், இரண்டு கைகளையும் நுழைத்துக்கொள்ள 'மஃப்' என்கிற ரோம உறை. முகத்தை விடுங்கள். அந்த மஃப்பை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள்.

அதன் ஓரத்தை அடைத்து ஒரு கோடு போடவில்லை ஹோலர். முடிமுடியாகப் பொடிக்கோடுகள், அப்படியே வெளியில் கரைந்துவிடுகின்றன. இந்த மாதிரிப் படத்துக்குச் செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் போடுவார்கள். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மை தங்கும், ஈரத்தாளை வைத்து அழுத்தினால் படம் இறங்கும். செம்பு, ஊசி, அமிலம் என்று ஒன்றுகூட மென்மையான பொருள் இல்லை. அதிலிருந்து, கை வைத்தால் கதகதக்கும் என்று தோன்றுகிற ரோமம் வந்திருக்கிறது. ஒளி படும் இடங்களில் அவர் விட்டுவைத்தது வெறும் தாளைத்தான். ஒவ்வொரு முறையும் நான் அங்கேயே நின்றுவிடுகிறேன். இத்தனைக்கும் மொத்தப் படமே ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான உயரம்தான்.

ஹோலர் 1607-ல் பிராக் நகரில் பிறந்தவர். கிட்டப்பார்வைக்காரர். அவருடைய வேலையின் நுணுக்கத்தைப் பூதக்கண்ணாடி இல்லாமல் மதிப்பிட முடியாது என்று அவர் காலத்து ஆங்கில எழுத்தாளரான ஜான் ஆப்ரே எழுதிவைத்திருக்கிறார். நீங்களும் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

விளம்பரம் பற்றிக் கேட்டீர்கள். 1647-ல் அவர் போட்ட இன்னொரு படத்தில் பெண்ணே கிடையாது. மஃப்களும் கையுறையும் விசிறியும் முகமூடியும் சும்மா கிடக்கின்றன. உடுத்திக்காட்ட ஆளில்லை. ரோமம் ஒளியை எப்படி வாங்குகிறது என்று பார்க்கும் ஆசை ஒன்றைத் தவிர அங்கே எனக்கு வேறெதுவும் தெரியவில்லை.

அப்புறம், 'குளிர்கால'த்துப் பெண்ணுக்குப் பின்னால் தெரிவது லண்டனின் கார்ன்ஹில் தெரு. 1666 பெருந்தீயில் அது எரிந்துபோனது. இந்தத் தாளில் அந்த வீடுகள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. மஃப்பைப் பார்த்து முடித்ததும் அங்கே போங்கள்.