சின்ன ஊரில் ஆட்டோகேட்டில் வரைந்து பிழைப்பவருக்கு பிஐஎம் தேவையா?

"பிழைப்பவருக்கு" என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியானால் நீங்களும் என்னைப்போலச் சிறிய அலுவலகத்தில், வேறொருவர் கையெழுத்திடப்போகும் படங்களை வரைபவராகத்தான் இருக்க வேண்டும். ஆட்டோகேட் கணினியில் கோடுகளால் படம் வரையும் மென்பொருள்; பிஐஎம் கட்டடத்தையே கணினியில் முப்பரிமாண மாதிரியாகக் கட்டிப் பார்க்கும் முறை. அது தேவை, கட்டாயம் தேவை. ஏன் என்று சொல்கிறேன்.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரன். அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 2013-இல் எங்கள் ஊரில் ஒரு கடைவீட்டுக்கு நான்தான் படம் வரைந்தேன். மேல்மாடிக் கழிப்பறையிலிருந்து பின்சுவர் வரை 6 மீட்டர் கழிவுநீர்க் குழாய். படத்தில் அது இரண்டு கோடுகள், பக்கத்தில் 1:60 என்ற எழுத்து. அந்தச் சரிவில் குழாய் 100 மில்லிமீட்டர் கீழே இறங்கும். தாளில் எதுவும் இறங்காது. வழியில் 450 மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு பீம். பீம் பொறியாளரின் தாளில், குழாய் என் தாளில். தனித்தனியே பார்த்தால் இரண்டுமே சரி.

ஒரு சனிக்கிழமை காலை அங்கே போனேன். குழாய் போடுபவர் பீமைக் குடைந்திருந்தார். சிமெண்டுத் தூளுக்கு நடுவே, அறுபட்ட வளையக் கம்பியின் இரு முனைகளும் பளிச்சென்று தெரிந்தன. பொறியாளர் வேலையை நிறுத்திவிட்டார். "கோடு போடுகிறவனுக்கு இவ்வளவுதான் அறிவு" என்றார் முதலாளி, கொத்தனார்கள் எல்லாரும் பார்க்க. அந்த வாரமே ரெவிட் என்ற பிஐஎம் மென்பொருளைப் பழகத் தொடங்கினேன்.

பிஐஎம்மில் நீங்கள் கோடு போடுவதில்லை. பீம் பீமாகவும், குழாய் தன் விட்டத்தோடும் சரிவோடும் ஒரே கணினி மாதிரிக்குள் நிற்கின்றன. தரைப்படம், வெட்டுப்படம், ஜன்னல் பட்டியல் எல்லாம் அதிலிருந்தே பிறக்கின்றன. ஜன்னலை ஓரிடத்தில் நகர்த்தினால் எல்லாவற்றிலும் நகரும். கட்டும்போது வெடித்த சண்டை இப்போது வடிவமைப்பின் முதல் வாரங்களிலேயே வந்துவிடுகிறது. பொறியாளரும் கட்டடக் கலைஞரும் அப்போதே பேசியாக வேண்டும். உண்மையான மாற்றம் இதுதான், முப்பரிமாணப் படம் அழகாக இருப்பது அல்ல. சென்ற ஆண்டு ஒரு தமிழ்ப்பள்ளியின் இணைக்கட்டடத்தில் அதே போன்ற குழாய் பீமில் முட்டுவதைக் கணினி மாதிரி சிவப்பாகக் காட்டியது. பொறியாளரை அழைத்துப் பேசி, கழிப்பறையை எதிர்ச்சுவருக்கு மாற்றினோம். கம்பி அறுபடவில்லை.

மென்பொருளே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடும் என்று நான் சொன்னதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். குழாயை மாதிரியில் போடாவிட்டால் மோதலும் தெரியாது. ஆண்டுச் சந்தா சிறிய அலுவலகத்துக்குச் சுமை என்பதையும் மறுக்கவில்லை. "நம் பொதுப்பணித் துறை இதை முதலில் கையாண்டதே புத்ராஜெயாவின் தேசியப் புற்றுநோய்க் கழகம் மாதிரி பெரிய கட்டடத்தில்தான், கடைவீட்டுக்கு எதற்கு?" என்பார்கள். கடைவீட்டு பீமுக்குள்ளும் கம்பிதான் இருக்கிறது ஐயா.

எனக்கு ஆறாத வருத்தம் வேறு ஒன்று. நம்மவர் வீட்டுக் கல்யாணங்களில் டாக்டர், வழக்கறிஞர் என்றால் நாற்காலி தேடி வரும், வரைவாளர் என்றால் "ஓ, படம் வரைகிறாரா?" என்று பேச்சை மாற்றுவார்கள். "மகன் என்ன வேலை?" என்று யாராவது கேட்டால் அம்மாவின் குரல் தாழ்ந்துவிடும். பல ஆண்டுகள் அதைப் பார்த்திருக்கிறேன். போன மாதம் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தப் பள்ளிக் கட்டடத்தைத் திரையில் மெல்லத் திருப்பிக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். கோட்டில் பால் வழியும்படி வாழ்நாளெல்லாம் மரத்தைச் சாய்த்து வெட்டியவர் அல்லவா, குழாயின்மேல் விரலை வைத்து, "தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும்?" என்று கேட்டார்.